சிறிய ஜீப்பில் பெரிய எஞ்சின்: சுசூகி சாமுராய், ஜிப்சி வண்டிகளில் எஞ்சின் மாற்றம்

எஞ்சின் மாற்றம் என்பது, ஒரு வண்டியில் தொழிற்சாலை பொருத்திய எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதைவிடத் திறன் மிகுந்த வேறொரு எஞ்சினை அந்த இடத்தில் பொருத்துவதாகும். பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே வகை எஞ்சினை வைப்பது இதில் சேராது. அது பழுதுபார்ப்பு. எஞ்சின் மாற்றம் வண்டியின் இயல்பையே மாற்றும் வேலை.

பழைய சிறு ஜீப் வகை வண்டிகளில் இந்த வேலை உலகின் பல நாடுகளில் நடக்கிறது. அவற்றுள் மிக அதிகமாக இதற்கு உட்பட்ட வண்டிகளில் ஒன்று சுசூகி நிறுவனத்தின் எஸ்.ஜே. வரிசை. அமெரிக்காவில் சாமுராய் என்றும் இந்தியாவில் மாருதி ஜிப்சி என்றும் அறியப்படுவது இதுவே. இக்கட்டுரை அந்த வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எஞ்சின் மாற்றத்தில் என்ன நடக்கிறது, எவை மாற வேண்டும், எப்போது அது தேவையற்றது என்பவற்றை விளக்குகிறது.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எஞ்சின் தனித்து இயங்கும் பொருள் அன்று. கிளட்ச், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில், சக்கரம், பிரேக் என நீளும் ஒரு சங்கிலியின் முதல் கண்ணி அது. முதல் கண்ணியை மட்டும் தடிமனாக்கினால், அறுந்து போவது அடுத்த கண்ணி.

வண்டியின் வரலாறு

இந்த வண்டிக் குடும்பம் தொடங்கியதே ஓர் எஞ்சின் மாற்றத்தில்தான். ஜப்பானின் ஹோப் மோட்டார் நிறுவனம் 1968-இல் ஹோப்ஸ்டார் ஓ.என்.360 என்ற சிறு வண்டியை உருவாக்கியது. அதில் இருந்தது மிட்சுபிஷி நிறுவனத்தின் 359 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அந்த வண்டியின் உரிமையை வாங்கிய சுசூகி, மிட்சுபிஷி எஞ்சினுக்குப் பதிலாகத் தன்னுடைய 359 சிசி எஞ்சினை வைத்து, 1970-இல் ஜிம்னி எல்.ஜே.10 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் திறன் சுமார் 25 குதிரைத்திறன்.

அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எஞ்சின் வளர்ந்தது. 1972-இல் காற்றால் குளிரும் எஞ்சினுக்குப் பதில் நீரால் குளிரும் எஞ்சின் வந்தது. 1970-களின் நடுவில் 539 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. 1977-இல் எல்.ஜே.80 வண்டியில் 797 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினும், 1981-இல் எஸ்.ஜே.410 வண்டியில் 970 சிசி எஞ்சினும், 1984-இல் எஸ்.ஜே.413 வண்டியில் 1,324 சிசி எஞ்சினும் இடம்பெற்றன. பதினான்கு ஆண்டுகளில் எஞ்சின் ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது.

எஸ்.ஜே.410 வண்டியை அடிப்படையாகக் கொண்டு, 1985 டிசம்பரில் மாருதி நிறுவனம் ஜிப்சியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதில் 45 குதிரைத்திறன் தரும் 970 சிசி எஞ்சின் இருந்தது. 1996-இல் வந்த ஜிப்சி கிங் 1.3 லிட்டர் எஞ்சினுடன் 60 குதிரைத்திறன் தந்தது. 2000-இல் 16 வால்வும் எரிபொருள் உட்செலுத்தலும் கொண்ட எஞ்சின் வந்தபோது அது 80 குதிரைத்திறனாக உயர்ந்தது. இந்திய ராணுவம் இதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால், மலைப்பாதைகளிலும் பாலைவனத்திலும் ஓடும் வண்டி என்ற பெயர் ஜிப்சிக்கு உண்டு.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எஸ்.ஜே.410-லிருந்து எஸ்.ஜே.413-க்கு மாறியபோது சுசூகி எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. கியர் விகிதங்களையும் மாற்றியது.

- எஸ்.ஜே.410: டிரான்ஸ்ஃபர் கேஸ் உயர் கியர் 1.58, தாழ் கியர் 2.51, ஆக்ஸில் 4.11
- எஸ்.ஜே.413: டிரான்ஸ்ஃபர் கேஸ் உயர் கியர் 1.41, தாழ் கியர் 2.27, ஆக்ஸில் 3.73

உயர் கியரில் இவற்றைப் பெருக்கினால் முதல் வண்டிக்கு 6.49, இரண்டாம் வண்டிக்கு 5.26 கிடைக்கும். சிறிய எஞ்சின் வலுக் குறைந்தது என்பதால் அதற்கு அதிகக் கியர் உதவி தேவைப்பட்டது. பெரிய எஞ்சின் வந்ததும் அந்த உதவி ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. தொழிற்சாலை செய்த எஞ்சின் மாற்றம் முழுச் சங்கிலிக்கும் செய்த மாற்றம். பட்டறையில் செய்யும் மாற்றத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான்.

ஏன் மாற்ற விரும்புகிறார்கள்

சாமுராயின் 1.3 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 63 குதிரைத்திறன். வண்டியின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு என்பதால், நகரத்திலும் காட்டுப் பாதையிலும் இது போதும். ஆனால் நெடுஞ்சாலையில் நீண்ட ஏற்றம் வந்தால் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கும், சில நேரம் மூன்றாம் கியருக்கும் இறங்க வேண்டியிருக்கும். வண்டியின் முன்பக்கம் செங்குத்தான சுவர் போன்றது. காற்றைக் கிழிக்காமல் அதை மோதித் தள்ளிக்கொண்டே ஓடுகிறது.

காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக வளரும். மணிக்கு 80 கிமீ வேகத்திலிருந்து 100 கிமீ வேகத்துக்குச் சென்றால், வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றுக்காகச் செலவாகும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. சிறிய எஞ்சின் மூச்சு வாங்குவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு காரணம் பெரிய டயர். கரடுமுரடான பாதைக்காகப் பலர் உயரமான டயர்களைப் பொருத்துகிறார்கள். பொருத்திய பின் வண்டி மந்தமாகிவிடுகிறது. அப்போது எஞ்சின் போதவில்லை என்ற எண்ணம் தோன்றுகிறது. அந்த எண்ணம் சரியா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முறுக்குவிசையும் குதிரைத்திறனும்

எஞ்சினின் தண்டு சுழலும்போது தரும் திருப்பும் விசையை முறுக்குவிசை அல்லது டார்க் என்கிறோம். அது நியூட்டன் மீட்டரில் அளக்கப்படுகிறது. கிணற்று உருளையில் கயிற்றை எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பது போன்றது முறுக்குவிசை. ஒரு நிமிடத்தில் எத்தனை வாளி நீர் மேலே வருகிறது என்பது போன்றது குதிரைத்திறன். பலமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தால் நீர் குறைவாகவே வரும்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு எளியது. முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 3,500 சுழற்சியில் கிடைத்தால் அது சுமார் 36.7 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 49 குதிரைத்திறன்.

கியர் என்ன செய்கிறது? சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறது. ஆனால் திறனைக் கூட்ட அதனால் முடியாது. ஆகவே மெதுவாகப் பாறை மேல் ஏறுவதற்குக் கியர் உதவும். வேகமாக மலைச்சாலையில் ஏறுவதற்கு எஞ்சினின் திறன்தான் வேண்டும்.

எஞ்சினா, கியரா: ஒரு கணக்கு

சாமுராயின் முதல் கியர் விகிதம் 3.65. டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ் கியர் 2.27. ஆக்ஸில் 3.73. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 30.9 வருகிறது. அதாவது எஞ்சின் 30.9 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். முறுக்குவிசையும் அதே அளவு பெருகும். உராய்வு இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் மூன்று நிலைகளை ஒப்பிடலாம்.

- பழைய 1.3 லிட்டர் எஞ்சின், பழைய கியர்: 100 நியூட்டன் மீட்டர் × 30.9 = சுமார் 3,090
- 1.6 லிட்டர் எஞ்சின், பழைய கியர்: 127 நியூட்டன் மீட்டர் × 30.9 = சுமார் 3,920
- பழைய 1.3 லிட்டர் எஞ்சின், டிரான்ஸ்ஃபர் கேஸில் 4.16 தாழ் கியர்: 100 × 56.6 = சுமார் 5,660

எஞ்சினை மாற்றினால் 27 விழுக்காடு கூடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே கியர்களை மாற்றினால் 83 விழுக்காடு கூடுகிறது. பாறையிலும் சேற்றிலும் மெதுவாக ஊர்ந்து செல்ல விரும்புபவருக்கு எஞ்சின் மாற்றம் தவறான மருந்து. 4.16 விகிதக் கியர்கள் சாமுராய்க்காகத் தனியாகத் தயாரிக்கப்பட்டு நெடுங்காலமாக விற்கப்படுகின்றன.

பெரிய டயரின் கணக்கும் இதே போன்றது. தொழிற்சாலை டயரின் உயரம் சுமார் 668 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் உயரம் 787 மில்லிமீட்டர் ஆகும். சக்கரத்தின் ஆரம் கூடுவதால் தரையில் கிடைக்கும் இழுவிசை 15 விழுக்காடு குறையும். டயர் போட்ட பின் வண்டி மந்தமானதற்குக் காரணம் எஞ்சின் அன்று, டயர்தான். ஆக்ஸில் விகிதத்தை அதற்கேற்ப மாற்றினால் இழந்தது திரும்பக் கிடைக்கும்.

இங்கு இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சாமுராயில் வேகமானி டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து இயங்குகிறது. டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. வண்டி 100 கிமீ வேகத்தில் ஓடும்போது வேகமானி 85 என்றே காட்டும்.

எனவே நெடுஞ்சாலையில் வேகத்தைத் தக்கவைக்க வேண்டும், சுமையுடன் மலைச்சாலையில் ஏற வேண்டும் என்பவர்களுக்கே எஞ்சின் மாற்றம் உண்மையான விடை. மற்றவர்கள் முதலில் கியரைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்பாக, இருக்கும் எஞ்சின் தன் முழுத் திறனைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது ஆண்டு ஓடிய எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கார்புரேட்டர் அடைபட்டிருக்கலாம். நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எந்த எஞ்சின்?

சாமுராயின் 1.3 லிட்டர் எஞ்சின் சுசூகியின் ஜி வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையில் 1.6 லிட்டர் எஞ்சினும் உண்டு. 1980-களின் இறுதியில் வந்த விடாரா வண்டியில் அது இருந்தது. வட அமெரிக்காவில் அந்த வண்டியின் பெயர் சைட்கிக். அங்கே ஜியோ டிராக்கர் என்ற பெயரிலும் விற்றது. எட்டு வால்வு எஞ்சின் 80 குதிரைத்திறனும், 16 வால்வு எஞ்சின் 95 குதிரைத்திறனும் தந்தன.

இரண்டு எஞ்சின்களுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகப் பிஸ்டன் பயணத்தில் இருக்கிறது. 1,324 சிசி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 77 மில்லிமீட்டர். 1,590 சிசி எஞ்சினில் விட்டம் 75, பயணம் 90 மில்லிமீட்டர். விட்டம் ஏறக்குறைய அதேதான். பயணம் நீண்டதால்தான் கொள்ளளவு கூடியது. அதனால் எஞ்சின் உயரமாகிறதே தவிர, நீளம் பெரிதாகக் கூடுவதில்லை. இரண்டும் அலுமினிய எஞ்சின்கள் என்பதால் எடையும் அதிகம் கூடுவதில்லை. அமெரிக்காவில் இந்த மாற்றம் புகழ்பெற்றதற்கு இவையே காரணம்.

இந்தியாவில் 1999-இல் வந்த மாருதி பலேனோ செடான் காரிலும் இதே வரிசையின் 1.6 லிட்டர் எஞ்சின் இருந்தது. ஆனால் அது காரில் குறுக்காகப் பொருத்தப்பட்ட எஞ்சின். ஜிப்சியில் எஞ்சின் நெடுக்காக இருக்க வேண்டும். குறுக்கு எஞ்சினை நெடுக்காகத் திருப்பும்போது எண்ணெய்த் தொட்டியின் வடிவம், மவுன்ட்களின் இடம், நீர்க்குழாய் வாய், புகைபோக்கிக் குழாய் எல்லாம் பொருந்தாமல் போகும். எஞ்சினின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள் ஓட்டுநர் அறைக்கு முன்னுள்ள தகட்டில் முட்டலாம்.

மூன்றாவது வழி டீசல். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகனின் 1.6 லிட்டர், 1.9 லிட்டர் டீசல் எஞ்சின்களைச் சாமுராயில் பொருத்துவதற்கான இணைப்புத் தகடுகள் விற்பனையில் இருக்கின்றன. 1.9 லிட்டர் டர்போ டீசல் 90 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசையும் தருகிறது. முறுக்குவிசை பழைய எஞ்சினைவிட இரு மடங்கு. ஆனால் அது இரும்பு வார்ப்பு எஞ்சின். எடை கூடுவதால் முன் ஸ்பிரிங் தாழும்.

சுழற்சி வேகமும் கவனிக்கத்தக்கது. தொழிற்சாலை டயருடன் ஐந்தாம் கியரில் 100 கிமீ வேகத்தில் சாமுராயின் எஞ்சின் சுமார் 3,300 முறை சுழல்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு இது இயல்பு. குறைந்த சுழற்சியில் சிறப்பாக வேலை செய்யும் டீசலுக்கு இது அதிகம். ஆகவே டீசல் வைப்பவர்கள் பெரும்பாலும் பெரிய டயரையும் சேர்த்தே திட்டமிடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினுக்குக் குறையாக இருந்த பெரிய டயர் டீசலுக்கு நன்மையாகிவிடுகிறது.

பொருத்தும் வேலை

சாமுராயின் அமைப்பில் ஒரு வசதி உண்டு. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாக இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக, சற்றுப் பின்னால் சேஸிஸில் தொங்கும். இரண்டையும் ஒரு குட்டைத் தண்டு இணைக்கிறது. எஞ்சினை முன்னோ பின்னோ சில சென்டிமீட்டர் நகர்த்த வேண்டி வந்தால், அந்தக் குட்டைத் தண்டின் நீளத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆக்ஸிலுக்குச் செல்லும் நீண்ட தண்டுகளைத் தொட வேண்டியதில்லை.

மற்ற வேலைகள் வருமாறு.

மவுன்ட். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்களுக்குச் சேஸிஸில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்ய வேண்டும். எஞ்சினின் சாய்வு தவறினால் தண்டுகளின் இணைப்புக் கோணம் கெட்டு, குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரும்.

கியர் பாக்ஸ் இணைப்பு. எஞ்சினின் பின்முகமும் கியர் பாக்ஸின் முன்முகமும் ஒரே மையக்கோட்டில் அமைய வேண்டும். துளைகள் பொருந்தாதபோது இடையில் இணைப்புத் தகடு வைக்கப்படுகிறது. அந்தத் தகடு லேத்தில் துல்லியமாகக் கடையப்பட வேண்டும். மையம் சிறிது விலகினாலும் கிளட்சும் கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங்கும் விரைவில் தேயும். ஒரே வரிசை எஞ்சின் என்பதால் எல்லாத் துளைகளும் பொருந்திவிடும் என்று நம்பிவிடக் கூடாது. வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டும்.

எண்ணெய்த் தொட்டி. எஞ்சினின் அடியில் உள்ள இந்தத் தொட்டிக்குக் கீழே சாமுராயின் முன் ஆக்ஸில் ஒரே கட்டையாக இருக்கிறது. குழியில் சக்கரம் மேலே ஏறும்போது ஆக்ஸிலும் சேர்ந்து மேலே வரும். நின்றிருக்கும் வண்டியில் இடைவெளி இருப்பதாகத் தெரிந்தாலும், ஓடும்போது தொட்டி உடையலாம். ஸ்பிரிங்கை முழுதும் அழுத்திய நிலையில் வைத்து இடைவெளியை அளப்பதே சரியான முறை.

குளிரூட்டல். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்நீர் வழியாக வெப்பமாக வெளியேற வேண்டும். அதிகத் திறன் எடுத்தால் அதிக வெப்பம் வரும். பழைய ரேடியேட்டர் சமவெளியில் தாங்கும். நீண்ட ஏற்றத்தில், மெதுவான வேகத்தில், வெயிலில் அது தோற்கும். பெரிய ரேடியேட்டரும், காற்றை முழுதும் அதன் வழியே இழுக்கும் விசிறி உறையும் தேவை.

எரிபொருள். கார்புரேட்டர் எஞ்சினுக்கு மிகக் குறைந்த அழுத்தம் போதும். உட்செலுத்தல் எஞ்சினுக்கு மின் பம்பும், அழுத்தம் தாங்கும் குழாயும், மிஞ்சிய எரிபொருள் தொட்டிக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். பழைய ரப்பர் குழாயையே உயர் அழுத்தத்துக்குப் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழி.

வயரிங். உட்செலுத்தல் எஞ்சின் தன் கணினி இல்லாமல் ஓடாது. எஞ்சினை வாங்கும்போது அதன் கணினி, உணரிகள், வயர் கட்டு எல்லாவற்றையும் அதே வண்டியிலிருந்து சேர்த்து வாங்குவது நல்லது. வயர் கட்டை நடுவில் வெட்டி விற்பவரிடம் வாங்கினால், எஞ்சினில் மிச்சமான பணம் வயரிங்கில் செலவாகும்.

சங்கிலியின் மற்ற கண்ணிகள்

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் மற்ற பாகங்களின் சோதனை தொடங்குகிறது.

சாமுராயின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் மவுன்ட்களில் தொங்குகிறது. முறுக்குவிசை கூடும்போது அது அதிகமாக முறுகி, ரப்பரைக் கிழிக்கும். முன் ஆக்ஸிலின் முனையில், ஸ்டியரிங் திரும்பிய நிலையிலும் சக்கரத்தைச் சுழற்ற உதவும் மூட்டு ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி, தாழ் கியரில் பலமாக முடுக்கினால் அந்த மூட்டுதான் முதலில் உடையும். பெரிய டயரும் பெரிய எஞ்சினும் தாழ் கியரும் மூன்றும் சேர்ந்தால் இது ஏறத்தாழ உறுதி.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக வளரும். முன்பு 80 கிமீ வேகத்தில் சென்ற வண்டி இப்போது 100 கிமீ வேகத்தில் சென்றால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 விழுக்காடு கூடுகிறது. பிரேக் அதே பழைய பிரேக்தான். பெரிய டயரின் எடையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பிரேக்குக்கு ஒதுக்காத மாற்றம் பாதி மாற்றமே.

வண்டியின் வடிவமும் எல்லை வகுக்கிறது. சாமுராயின் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,030 மில்லிமீட்டர் மட்டுமே. குட்டையான, குறுகலான, உயரமான வண்டி. 1988-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், திடீரென விலகும் சோதனையில் இது கவிழ்ந்துவிடும் என்று கூறி, ஏற்கத்தகாத வண்டி எனத் தரமிட்டது. சுசூகி 1996-இல் அந்த இதழை வெளியிடும் அமைப்பின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2004-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, வேகத்தையும் கூட்டினால் கவிழும் வாய்ப்பு கூடும் என்பதில் ஐயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் எண், சிலிண்டர் கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகிய மூன்றும் பதிவுச் சான்றிதழில் இருப்பவை. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விதியை உறுதிசெய்து தீர்ப்பளித்தது.

எரிவாயு, மின்கலம் போன்ற மாற்று எரிபொருளுக்கு, விதிகளின்படி ஏற்கப்பட்ட கருவித் தொகுப்பைப் பொருத்த மட்டும் சட்டம் இடம் தருகிறது. 2019-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே எஞ்சின் மாற்றம் பொதுவாகத் தடைசெய்யப்படவில்லை. ஆனால் புதிய எஞ்சின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும், அதன் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுதும் உடன் இருக்க வேண்டும் என்றும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழிகாட்டுகிறது. கலிபோர்னியாவில் இதற்கெனத் தனி நடுவர் நிலையத்தில் வண்டியைக் காட்டிச் சான்று பெற வேண்டும்.

ஆகவே இணையக் காணொளியில் அமெரிக்கர் ஒருவர் செய்வதைப் பார்த்து இங்கே அப்படியே செய்வது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். காப்பீட்டிலும் சிக்கல் உண்டு. விபத்து நேர்ந்தால், பதிவில் இல்லாத எஞ்சினுடன் ஓடிய வண்டிக்கு இழப்பீடு கேட்பது கடினமாகும். அதில் பாதிக்கப்படுபவர் வண்டி உரிமையாளர் மட்டுமல்ல, சாலையில் எதிரே வந்தவரும்தான்.

முடிவெடுக்கும் வரிசை

எஞ்சின் மாற்றத்தைப் பற்றி எண்ணுபவர் கேள்விகளைப் பின்வரும் வரிசையில் கேட்டுக்கொள்வது நல்லது.

1. நான் வசிக்கும் இடத்தில் சட்டம் இதை அனுமதிக்கிறதா?
2. இப்போதுள்ள எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா? கம்ப்ரஷன், எரிபொருள், தீப்பொறி ஆகியவற்றைச் சோதித்தாயிற்றா?
3. குறை மெதுவான ஏற்றத்திலா, நெடுஞ்சாலை வேகத்திலா? முதலாவது என்றால் கியரை மாற்றுவதே போதும்.
4. பெரிய டயரால் வந்த குறையா? அப்படியானால் ஆக்ஸில் விகிதமே விடை.
5. இவை எல்லாவற்றுக்கும் பின்னும் எஞ்சின் தேவை என்றால், பிரேக், ரேடியேட்டர், ஆக்ஸில் ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பணம் இருக்கிறதா?

ஐந்தாம் கேள்வி வரை வந்து சேர்பவர்கள் சிலரே. முதல் நான்கு கேள்விகளிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும். அந்த விடை எஞ்சினைவிட மலிவாகவும் இருக்கும்.

சுசூகி 359 சிசியிலிருந்து 1,324 சிசிக்குப் போக பதினான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு படியிலும் எஞ்சினோடு சேர்த்து மற்றவற்றையும் திருத்தியது. அதே பயணத்தை ஒரு பட்டறையில் சில வாரங்களில் செய்ய நினைப்பவர், அந்தப் பதினான்கு ஆண்டு வேலையில் எதை விட்டுவிடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.